அடித்தொண்டை

சபைக் கொயரில் என்னைச் சோப்ரானோ வரிசையிலிருந்து ஆல்ட்டோ வரிசைக்கு மாற்றியபோது எனக்கு ஐம்பது தாண்டியிருந்தது. பாளையங்கோட்டையில் ஓய்வுநாள் பள்ளிக் காலத்திலிருந்தே மேல்குரல் பாடி வளர்ந்தவள் நான். ஊசிக் கோபுரத்துக் கோயிலில் கிறிஸ்துமஸ் பாட்டு ஆராதனை என்றால் உச்சத்தில் நிற்கும் வரி எனக்குத்தான். நர்ஸ் வேலைக்காக சிக்காகோ வந்த பிறகும் இங்குள்ள சபையில் அதே இடம் கிடைத்தது. ஐம்பதுக்குப் பிறகு மேலே போகும்போது குரல் இரண்டாகப் பிரிந்தது. இன்னும் கொஞ்ச நாளில் அந்த இடத்தில் வெறும் காற்று மட்டும் வந்தது.

காரணம் எனக்குத் தெரியும். மாதவிடாய் நின்று ஈஸ்ட்ரோஜன் குறையும்போது பெண்களின் குரல்நாண்கள் தடிக்கின்றன. தடித்த நாண் மெதுவாக அதிரும், சுருதி கீழே இறங்கும். ஆண்களுக்கு நேர்மாறு. வயதாக ஆக நாண் மெலிந்து குரல் சற்று மேலே ஏறும். வயதான கணவன் மனைவியில் யார் போனை எடுத்தார்கள் என்று நாம் தடுமாறுவது இதனால்தான். இவ்வளவும் தெரிந்திருந்தும் ஆல்ட்டோ வரிசையில் நின்ற முதல் வருஷம் எனக்குத் துக்கமாகவே இருந்தது. பாட்டுப் புத்தகத்தில் கண் தானாக மேல் வரிக்குப் போகும். அதைப் பக்கத்துப் பெண் பாடிக்கொண்டிருப்பாள்.

அந்த இறங்கிய குரலை வேண்டும் என்று தேடி வந்தவர் எங்கள் சபையின் டிரம்மர். லாரி ஓட்டுகிறவர், அறுபதை நெருங்கிக்கொண்டிருந்தார். சபைச் சாப்பாட்டு நாள் ஒன்றில், கார்கள் நிற்கும் இடத்தில் ஓடிய என் பேரனை நான் கூப்பிட்ட சத்தம் அவர் காதில் விழுந்திருக்கிறது. மறுவாரம் வந்து, நாங்கள் நாலு பேர் கீழ்த்தள அறையில் சனிக்கிழமை வாசிக்கிறோம், பாட ஆள் இல்லை, வருகிறீர்களா என்று கேட்டார். என்ன பாட்டு என்றேன். ஹார்ட் ராக் என்றார். எனக்கு அதுவரை அது பிள்ளைகள் அறையின் கதவுக்குப் பின்னால் கேட்கும் சத்தம். கேட்டுப் பாருங்கள் என்று ஒரு பழைய இசைத்தட்டைத் தந்துவிட்டுப் போனார்.

ரெசரக்‌ஷன் பேண்ட் என்ற குழுவின் 1978-ஆம் வருஷத்து ஆல்பம் அது. சிக்காகோவின் அப்டவுன் பகுதியில், வில்சன் அவென்யூவில், வருமானத்தைப் பொதுவில் வைத்துக் கூட்டாக வாழ்ந்த ஒரு கிறிஸ்தவச் சமூகத்திலிருந்து வந்த குழு. கிளென் கைசரும் அவர் மனைவி வெண்டி கைசரும் முன்னால் நின்று பாடினார்கள். அடுத்த வருஷம் வந்த ஆல்பத்தில் தென்னாப்பிரிக்காவின் நிறவெறி ஆட்சியைக் கண்டித்து ஒரு பாட்டே வைத்திருக்கிறார்கள். அமெரிக்கக் கிறிஸ்தவ இசை அதைப் பற்றி வாய் திறக்காத காலம் அது. இந்த ஊரில் இத்தனை வருஷம் இருந்திருக்கிறேன். வில்சன் அவென்யூ ரயில் நிலையத்தில் இறங்கி ஏறியிருக்கிறேன். அந்தத் தெருவில் இப்படி ஒரு குரல் இருந்ததை யாரும் எனக்குச் சொன்னதில்லை.

வெண்டியின் குரலைக் கேட்டபோது எனக்கு எங்கள் ஆச்சி ஞாபகம் வந்தது.

எங்கள் குடும்பம் ஆச்சியின் மாமனார் காலத்தில் கிறிஸ்தவ வேதத்துக்கு வந்தது. ஆச்சி பிறந்த வீட்டில் வேதத்துக்கு வராதவர்களும் இருந்தார்கள், அதனால் அவளுக்கு ஒப்பாரி தெரியும். என் பெரிய மாமா இறந்த அன்று, முற்றத்தில் உட்கார்ந்து, முடியை அவிழ்த்துப் போட்டு, மகனைப் பேர் சொல்லி அழைத்து அழைத்துப் பாடினாள். நெஞ்சிலிருந்து கிளம்பி, தொண்டையில் உராய்ந்து, உடைந்து வெளியே வரும் குரல். நான் பாவாடை கட்டிய சிறுமி. பயந்துபோய் அம்மாவின் சேலைக்குள் முகத்தை வைத்துக்கொண்டேன், ஆனால் காதை மூடவில்லை. சபை ஐயர் வந்தார். ஐயரம்மாவும் கூட வந்தார்கள். யாரோ ஆச்சியின் தோளைத் தொட்டு, "போதும்மா, வேதக்காரங்க இப்படி அழப்படாது" என்றார்கள். ஆச்சி நிறுத்தினாள். பாமாலையிலிருந்து ஒரு பாட்டை எல்லோரும் எடுத்தார்கள். நல்ல பாட்டு, நான் இன்றும் பாடுகிற பாட்டு. ஆச்சியும் வாயை அசைத்தாள். ஆனால் அவள் குரல் அந்தப் பாட்டுக்குள் எங்கும் இல்லை என்பது அந்த வயதிலேயே எனக்குத் தெரிந்தது.

அதன் பிறகு என் வாழ்க்கையே தாழ்ந்த குரலில் போயிற்று. வீட்டில், பொம்பளப் பிள்ளை சத்தம் வாசல்படியைத் தாண்டக் கூடாது. நர்ஸிங் பள்ளியில், வார்டில் மெதுவாகப் பேசு. இங்கே தீவிர சிகிச்சைப் பிரிவில் இரவு ஷிப்ட் பார்த்த வருஷங்களில், மானிட்டர்கள் எல்லாம் அலறும்போதும் நாங்கள் மட்டும் ஒரே சுருதியில் பேசினோம். அது நோயாளிக்கு வேண்டியது, அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் அந்த அறைகளில் மனிதர்கள் எப்படி அழுதார்கள் என்று நான் கேட்டிருக்கிறேன். வலியில் இருக்கிற எவரும் தாளத்தோடு அழுவதில்லை. கணவன் போய்விட்டான் என்று டாக்டர் சொன்ன நொடியில் ஒரு பெண்ணிடமிருந்து வந்த சத்தத்துக்கு எங்கள் பாட்டுப் புத்தகத்தில் சுரக்குறிப்பே கிடையாது. மறுநாள் காலை கொயரில் நின்று தூய வெண்குரலில் துதி பாடும்போது, அந்தப் பெண்ணின் சத்தமும் கர்த்தருடைய சந்நிதியில்தானே இருந்தது, அதை ஏன் நாம் வெளியிலேயே விட்டு வருகிறோம் என்று தோன்றும். யாரிடமும் கேட்டதில்லை.

வெண்டி கைசர் பாடியதைக் கேட்டபோது அந்தச் சத்தம் கோயிலுக்குள் வந்துவிட்டது என்று நினைத்தேன். சனிக்கிழமை கீழ்த்தளத்துக்குப் போனேன்.

கிட்டார் வாசிப்பது ஒரு பிலிப்பினோ தம்பி, பள்ளி பஸ்களைப் பழுது பார்க்கிற மெக்கானிக். பேஸ் கிட்டார், தபால் துறையில் இருக்கும் ஒரு கறுப்பின அமெரிக்கப் பெண். தெற்கு சிக்காகோவின் காஸ்பல் கொயரில் வளர்ந்தவள். கீபோர்டுக்கு எங்கள் சபை ஆர்கனிஸ்டின் மகன். டிரம்மர்தான் எங்களுக்கு இந்த இசையின் சரித்திரம். அவர் இளைஞனாக இருந்தபோது கார்னர்ஸ்டோன் என்ற கிறிஸ்தவ இசை விழா தொடங்கியது. 1984-ல் சிக்காகோவுக்கு வடக்கே கிரேஸ்லேக் கண்காட்சித் திடலில் ஆரம்பித்து, 1991-ல் இல்லினாயின் மேற்கே புஷ்னெல் என்ற சிற்றூரின் பக்கத்துப் பண்ணை நிலத்துக்கு மாறி, 2012 வரை நடந்த விழா. கோடை வெயிலில் கூடாரம் அடித்துத் தங்கி நாள் முழுக்க ராக் கேட்பார்களாம். அவர் அதைச் சொல்லும்போது எங்கள் ஊர்ப் பக்கத்து அசனப் பண்டிகைக்கு வண்டி கட்டிப் போனவர்கள் பேசுவதைக் கேட்பதுபோல் இருக்கும்.

நாங்கள் முதலில் எடுத்தது பெட்ராவின் பாடல்கள். 1972-ல் இந்தியானா மாநிலத்தின் ஃபோர்ட் வேய்னில் தொடங்கிய குழு. அதன் பிற்காலப் பாடகர் ஜான் ஷ்லிட்டின் கதை எனக்கு மிகவும் பிடிக்கும். அவர் ஹெட் ஈஸ்ட் என்ற குழுவில் புகழோடு பாடியவர். போதைப் பழக்கத்தால் 1980-ல் அங்கிருந்து வெளியேற்றப்பட்டார். விசுவாசத்துக்குள் வந்தார், பாட்டை விட்டுவிட்டுச் சுரங்கப் பொறியாளராக வேலை பார்த்தார். 1986-ல் பெட்ரா அவரைத் தேடிப் பிடித்தது. பல வருஷம் மூடிக் கிடந்த தொண்டையைத் திறந்து அவர் பாடிய பாட்டுகளைத்தான் இன்றும் உலகம் பெட்ரா என்று அடையாளம் கண்டுகொள்கிறது. 1990-ல் வந்த ‘பியாண்ட் பிலீஃப்’ கிராமி விருது வாங்கியது. எழுபது கடந்த பிறகும், குழுவின் ஐம்பதாம் ஆண்டுப் பயணத்தில் அவர் மேடை ஏறினார். இளமை போனால் ராக் போய்விடும் என்கிறவர்களிடம் நான் அவரைத்தான் காட்டுவேன்.

ஸ்ட்ரைப்பர் எங்களுக்குக் கொஞ்சம் எட்டாத உயரம். மஞ்சளும் கறுப்புமாக உடுத்தி, ஏசாயா 53:5 என்று சின்னத்தில் எழுதி, மேடையிலிருந்து வேதாகமங்களைக் கூட்டத்துக்குள் எறிந்த கலிபோர்னியாக் குழு. மைக்கேல் ஸ்வீட்டின் குரல் போகும் இடத்துக்கு நான் சோப்ரானோவாக இருந்த காலத்தில் போயிருக்கலாம். இப்போது கிட்டார்களின் சுருதியை அரைப்படி இறக்கி, ஈ-பிளாட்டில் கட்டிக்கொள்கிறோம். சில பாட்டுகளுக்கு முழுப்படியும் இறக்குகிறோம். வயதான பெரிய குழுக்கள் பலவும் செய்கிற காரியம்தான். இறக்கிய தந்தி சற்றுத் தளர்ந்து, கிட்டாரின் சத்தம் கனத்துப்போகும். அந்தக் கனத்தின் மேல்தான் என் குரலுக்கு நிற்க இடம் கிடைக்கிறது.

இந்தக் கலையைப் பற்றி மக்கள் நினைப்பதற்கும் அது உள்ளே நடக்கும் விதத்துக்கும் நிறையத் தூரம். கத்துவதுபோல் கேட்கும், கத்தக் கூடாது. குரல்நாண்களுக்கு மேலே பொய் நாண்கள் என்று இரண்டு மடிப்புகள் இருக்கின்றன. பேச்சில் அவற்றுக்கு வேலை இல்லை. அவற்றை லேசாக உள்ளே இழுத்து, மூச்சின் அழுத்தத்தை விலாவிலும் வயிற்றிலும் பிடித்துக்கொண்டால், கரகரப்பு அங்கே உண்டாகும். கீழே உண்மையான நாண் தன்பாட்டில் சுருதியைப் பிடித்துக்கொண்டிருக்கும். கரகரப்புக்காக நாணையே நெரித்தால் ஒரே மாலையில் குரல் போய்விடும். நியூயார்க்கில் மெலிசா கிராஸ் என்ற ஆசிரியை மெட்டல் பாடகர்களுக்கு இதைச் சொல்லிக் கொடுத்து, 2005-ல் பாட வீடியோவாகவும் வெளியிட்டார். இந்த இசையில் இருக்கிறவர்களுக்கு அது பால பாடம். இன்னொரு விஷயம், நல்ல கரகரப்பு உண்மையில் அவ்வளவு சத்தமே இல்லை. உதட்டோடு ஒட்டிப் பிடித்த மைக் அதைப் பெரிதாக்குகிறது. எங்களிடம் இருப்பது ஷூர் எஸ்எம்58. 1966-லிருந்து உலகம் முழுக்க மேடைகளில் இருக்கிற அதே மைக், எங்கள் ஊர்ப் பக்கத்து கன்வென்ஷன் பந்தல்களில் இதைப் பார்த்திருக்கிறேன்.

என் தினசரிப் பழக்கம் ஸ்ட்ரா. மெல்லிய ஸ்ட்ராவை உதட்டில் வைத்து அதன் வழியாக ஒலியை ஊதிக்கொண்டே கீழிருந்து மேலே போய்த் திரும்ப வேண்டும். ஸ்ட்ரா வெளியேறும் காற்றைத் தடுப்பதால் ஒரு பின்னழுத்தம் உண்டாகி, நாண்கள் ஒன்றோடொன்று பலமாக மோதாமல் அதிர்கின்றன. இங்கோ டிட்ஸே என்ற குரல் விஞ்ஞானி பரப்பிய பயிற்சி. காலையில் காபி இறங்குவதற்குள் முடித்துவிடுவேன். "ஸ்ட்ராவ வச்சு என்னத்த ஊதுற?" என்று கேட்ட என் வீட்டுக்காரர், இப்போது ஒரு நாள் விட்டாலும் ஞாபகப்படுத்துகிறார். இன்னொன்று சாப்பாடு. இந்த வயதில் இரைப்பையின் அமிலம் இரவில் தொண்டை வரை ஏறி நாண்களைச் சுட்டுவிடும். சனிக்கிழமைகளில் புளிக்குழம்பும் மிளகாயும் கிடையாது. ஐந்து மணிக்கே இட்லி, தேங்காய்ச் சட்னி, அவ்வளவுதான்.

காதைப் பற்றி நர்ஸாகவும் சொல்ல வேண்டும். 85 டெசிபெல்லில் எட்டு மணி நேரம் இருக்கலாம் என்கிறது அமெரிக்கத் தொழில் சுகாதாரக் கணக்கு. ஒவ்வொரு மூன்று டெசிபெல் கூடும்போதும் நேரம் பாதியாகக் குறையும். நூறு டெசிபெல் என்றால் கால் மணி நேரம்தான். கீழ்த்தள அறையில் டிரம்ஸ் அந்தக் கணக்கையெல்லாம் சுலபமாகத் தாண்டும். எங்கள் குழுவில் காதடைப்பான் இல்லாமல் யாரும் வாசிக்கக் கூடாது என்ற சட்டத்தை நான்தான் கொண்டுவந்தேன். அதில் குரலுக்கும் லாபம் உண்டு. சுற்றிலும் இரைச்சல் கூடினால் மனிதன் தன்னை அறியாமல் குரலை உயர்த்துவான். லம்பார்ட் என்ற பிரெஞ்சு மருத்துவர் 1911-லேயே அதை எழுதி வைத்தார். காதை அடைத்தால் வெளி இரைச்சல் குறைந்து, நம் குரல் மண்டைக்குள் எலும்பின் வழியாகத் தெளிவாகக் கேட்கிறது. பிறகு இரைச்சலோடு போட்டி போடும் அவசியம் இல்லை.

எதிர்ப்பு வராமல் இல்லை. முதல் தடவை சபை மண்டபத்தில் வாசித்தபோது, நான் மதிக்கிற ஒரு மூத்த அம்மா இரண்டாம் பாட்டிலேயே எழுந்து போய்விட்டார். பாளையங்கோட்டையிலிருந்து தம்பி போன் போட்டு, "ஏ அக்கா, ஒனக்கு இந்த வயசுல இது என்னத்துக்கு? ஆராதனைன்னா ஒரு பயபக்தி வேண்டாமா?" என்றான். இந்தக் கேள்வி புதிது இல்லை. 1987-ல் தொலைக்காட்சிப் பிரசங்கி ஜிம்மி ஸ்வகார்ட் கிறிஸ்தவ ராக்குக்கு எதிராக ஒரு புத்தகமே எழுதினார். ஆட்டுத்தோல் போர்த்திய ஓநாய் என்று அட்டையிலேயே போட்டார். தம்பிக்கு நான் ஸ்வகார்ட்டைச் சொல்லவில்லை, நம் வேதநாயகம் சாஸ்திரியாரைச் சொன்னேன். 1774-ல் திருநெல்வேலியில் பிறந்து தஞ்சாவூரில் வாழ்ந்தவர். அவருடைய கீர்த்தனைகளையும் தமிழ் இசையையும் ஆராதனைக்குள் விடக் கூடாது என்று அன்று புதிதாக வந்த மிஷனரிகள் சிலர் தடுத்தார்கள். அவர் எதிர்த்து எழுதினார். பிறகு 1853-ல் எட்வர்ட் வெப் என்ற அமெரிக்க மிஷனரியே கீர்த்தனைகளைத் திரட்டி அச்சில் கொண்டுவந்தார். இன்று கீர்த்தனை இல்லாத தமிழ்க் கோயில் உண்டா? "சாஸ்திரியார் ராகம் போட்டாரு, சத்தம் போடலையே," என்றான் தம்பி. சரியான பதில்தான். சத்தத்தைப் பற்றித்தான் பேச வேண்டும் என்று ஒத்துக்கொண்டேன்.

சத்தத்துக்கு என் சாட்சி பர்திமேயு. எரிகோவின் வழியோரத்தில் உட்கார்ந்திருந்த குருடன். இயேசு போகிறார் என்று கேள்விப்பட்டதும் கூப்பிட்டான். சுற்றி நின்ற பலர் அவனை அதட்டினார்கள். அவன் இன்னும் அதிகமாகக் கூப்பிட்டான். இயேசு நின்றார். மாற்கு எழுதிய சுவிசேஷத்தில் பத்தாம் அதிகாரம். அவர் நின்றது அடங்கிய குரலுக்காக இல்லை. சிலுவையில் அவரே உரத்துக் கூப்பிட்டார் என்றுதான் எழுதியிருக்கிறது. கைவிடப்பட்டேன் என்ற சங்கீதத்தைத்தான் அப்போது எடுத்தார். துதி மென்மையாக இருக்கட்டும், அதை நான் இன்றும் ஆல்ட்டோ வரிசையில் நின்று ஞாயிறுதோறும் பாடுகிறேன். ஆனால் புலம்பலை மென்மையாக்கினால் அது பொய்யாகிவிடுகிறது. எங்கள் ஆச்சியை நிறுத்தச் சொன்னவர்கள் கெட்டவர்கள் இல்லை, அவளை ஆறுதல்படுத்தத்தான் வந்தார்கள். கர்த்தரிடம் போய்க்கொண்டிருந்த ஒரு குரலை மறித்துவிட்டோம் என்று அவர்களுக்குத் தெரியவில்லை.

எழுந்து போன அந்த மூத்த அம்மாவை அவர் வீட்டுக்கே போய்ப் பார்த்தேன். இதையெல்லாம் சொன்னேன். கேட்டுக்கொண்டார். அவருக்கு இன்னும் டிரம்ஸ் பிடிக்கவில்லை. ஆனால் மகன் இறந்த வருஷத்தில் காரின் கண்ணாடிகளை ஏற்றிவிட்டு உள்ளே உட்கார்ந்து தான் கத்தியதை அன்று என்னிடம் சொன்னார். கோயிலில் கத்த இடமில்லை என்றார்.

கோடையில் சபையின் வாகனத் திடலில் அக்கம்பக்கத்தாருக்குச் சாப்பாடு போடும் நாள்களில் நாங்கள் வாசிக்கிறோம். வெயில் தாழ்ந்த நேரம், தரை இன்னும் சுடும், ஆம்ப்ளிபயர்களை என் வீட்டுக்காரர்தான் வண்டியில் ஏற்றி இறக்குவார். கேட்கிறவர்களில் பாதிப் பேர் எங்கள் சபையார் இல்லை. சேலை கட்டிக்கொண்டுதான் நிற்பேன், மைக் வயர் சிக்காதபடி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு. முதல் பாட்டின் ரிஃப் தொடங்கி, டிரம்மின் அடி உள்ளங்காலில் ஏறும்போது, உடம்பு முழுவதும் ஒரே மூச்சாக ஆகிவிடும். இளமையில் மேல்குரல் பாடியபோது என் தலை மட்டும் பாடியது. இப்போது இடுப்பு பாடுகிறது, முதுகு பாடுகிறது. பிள்ளை பெற்ற வயிறு பாடுகிறது. கரகரப்பு சரியாக விழுந்த இடத்தில் கூட்டத்தில் யாராவது ஒருவர் தானும் சத்தம் போடுவார். போன வருஷம் சக்கர நாற்காலியில் வந்த ஒரு பெரியவர், பாட்டு தெரியாமலே, ஒவ்வொரு பல்லவியிலும் என்னோடு சேர்ந்து கூப்பிட்டார். வார்த்தை இல்லை, சத்தம் மட்டும். பேஸ் வாசிக்கும் பெண் அவரைப் பார்த்துத் தலையசைத்து, பல்லவியை இன்னும் இரண்டு சுற்று நீட்டினாள்.

மற்றவர்கள் பாட்டையே பாடிக்கொண்டிருந்த நாங்கள் இப்போது சொந்தமாக ஒன்று செய்கிறோம். 88-ஆம் சங்கீதம். ஏமான் எழுதியது. மற்றப் புலம்பல் சங்கீதங்கள் பெரும்பாலும் எங்காவது ஒரு இடத்தில் நம்பிக்கையின் பக்கம் திரும்பிவிடும். இது திரும்பாது, இருட்டிலேயே முடிந்துவிடும். அதைக் கோயிலில் யாரும் பாடி நான் கேட்டதில்லை. டிரம்மர் ஆங்கிலத்தில் எழுதினார், நடுப்பகுதியை நான் தமிழில் எழுதினேன். கிட்டார் தம்பி முழுப்படி இறக்கிய சுருதியில் ஒரு மெதுவான ரிஃப் போட்டிருக்கிறான், ஒவ்வொரு அடிக்கும் நடுவில் நிறைய இடம் விட்டு. பேஸ் வாசிக்கும் பெண் என்னோடு தமிழ் வரிகளைச் சேர்ந்து பாட ழகரத்தைப் பழகிவிட்டாள், எங்கள் ஊர்ப் பிள்ளைகளைவிடச் சுத்தமாகச் சொல்கிறாள்.

தகராறு ஒன்று பாக்கி இருக்கிறது. தமிழ்ப் பகுதியின் கடைசி வரியில், மூன்றாம் அடியில் நான் மூச்சு எடுத்தால் கிட்டார் சரியாக வந்து சேரும் என்கிறான் தம்பி. எடுக்கவே கூடாது, மூச்சு தீர்ந்து குரல் தானாக உடைகிற இடம்வரை இழுக்க வேண்டும், கிட்டார் அதுவரை காத்திருக்கட்டும் என்கிறேன் நான். எந்த இடத்தில் உடையும் என்று எப்படித் தெரிந்து வாசிப்பது என்று கேட்கிறான். எனக்கும் தெரியாது, பார்த்துக்கொண்டே வாசி என்றேன். வரும் சனிக்கிழமை இரண்டு விதமாகவும் எடுத்துப் பார்க்கப் போகிறோம்.